ஒரு சுவத்துக்கு ரெண்டு மாப்ள

...இல்லண்ணே, நான் சொல்றதுல ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லு பொய்யா இருந்தா, மேல தெரியுது பாருங்க விட்டம், அது பெயர்ந்து நம்ம ரெண்டு பேரு தலையிலயும் விழட்டும். உங்க தலையை ஏன் சேக்கறேன்னு பாக்கறீங்களா? நான் மட்டும் செத்துட்டா பொய் சொன்னேன்னு நீங்க ஊரெல்லாம் சொல்லுவீங்க. ரெண்டு பேரும் போயிட்டா பேச்சே இல்ல பாருங்க!

சுவரு நல்ல சுவரான்னு கேட்டீங்களே, அதான் வயித்தெரிச்சல். சுவரு என்னண்ணே பண்ணும் பாவம்? நிக்கச் சொன்னா நிக்குது. அதுக்குக் கணக்குப் போட்டாங்களே ரெண்டு மகராசனுங்க, அவங்களைக் கேக்கணும். நடுவுல ஐஸ் ரூமு, நான் காய்கறிப் பெட்டி அடுக்கற குளிர் கிடங்கு. அந்தப் பக்கம் பேக்கரி. இந்தப் பக்கம் உங்க இஸ்திரிக் கடை வரப்போகுது. அவரு சூடு, நீங்க சூடு, நடுவுல எங்க மொதலாளி மட்டும் குளிரு! இப்படி வரிசையா கட்டுனவன் கையை ஒரு தடவை பாக்கணும்ணே. முத்தம் குடுக்க இல்ல.

உக்காருங்க. அந்தப் பெட்டி மேல உக்காருங்க, ஒண்ணும் ஆகாது. சாவி வர நேரமாகும், இந்தக் கடைச் சாவியும் ஐஸ் ரூமு சாவியும் ஒரே கொத்துல. சாவி யாருகிட்ட இருக்கா? அதாண்ணே கதையே!

மொதலாளிக்கு ரெண்டு பொண்ணு. ரெண்டு பொண்ணுக்கும் ரெண்டு மாப்ள. அது சரி, ஆளுக்கு ஒண்ணுதானே வரும். மூத்தவரு முன்னாடி பம்பு விக்கற கடையில வேலை பாத்தாரு. நல்ல வேலை, நாற்காலி, தலைக்கு மேல ஃபேனு. மொதலாளி போயி, "மாப்ள, எதுக்கு இன்னொருத்தன்கிட்ட கை கட்டி நிக்கறீங்க, நம்ம ஐஸ் ரூமு இருக்கு, நாளைக்கு உங்களுக்குத்தானே"ன்னு கூப்பிட்டாரு. இவரும் நம்பி வேலையை விட்டுட்டு, பெட்டி படுக்கையோட வந்து மாமனார் வீட்டு மாடியில குடியேறிட்டாரு. வந்து வருஷம் ஓடுது. "நாளைக்கு" மட்டும் வரவே இல்ல. சாவி மாமனார் இடுப்புலயேதான் தொங்குது. சாப்பிட உக்காந்தா மாமியார் சின்னவருக்கு மொதல்ல பரிமாறுது, இவருக்கு அப்பறம். கேட்டா, "நீங்க வீட்டுலயே இருக்கறவருதானே மாப்ள, அவரு விருந்தாளி"ங்குது. அந்த வார்த்தை இருக்கே... மூத்தவரு சோத்தைப் பிசைவாரு பாருங்க, பிசைஞ்சுகிட்டே இருப்பாரு. குழைஞ்சு கஞ்சியாயிடும்.

சின்னவரு வேற ரகம். என்ன தொழிலுன்னு அவருக்கே தெரியாது. பேக்கரியில உக்காந்து ஓசி கேக்கு தின்னுகிட்டே எல்லாத்துக்கும் யோசனை சொல்லுவாரு. வாயைத் திறந்தா "அது ஒண்ணும் இல்ல, சிம்பிள்". அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை வெச்சே குடும்பம் நடத்தறாரு.

இப்படி இருக்கையில மொதலாளிக்கு முட்டி போச்சு. ஐஸ் ரூமுக்குப் போக முடியல. அன்னிக்குன்னு பாத்து ஐஸ்கிரீம்காரரு ஒருத்தரு வந்து, "உங்க ரூமுல என் சரக்கை வெக்கறேன், ஆனா காய்கறிக்கு இருக்கற குளிரு பத்தாது, கல்லு மாதிரி நிக்கணும்"ன்னாரு. மொதலாளி ரெண்டு மாப்ளையையும் கூப்பிட்டு உக்கார வெச்சு, சாவியைக் கழட்டி மேசை மேல டொக்குன்னு வெச்சாரு. "சரக்கு வந்து எறங்கறதுக்குள்ள எந்த மாப்ள ரூமை அந்தக் குளிருக்குக் கொண்டாராரோ, அவரு கையில இது." அவ்வளவுதான். முட்டியைத் தடவிக்கிட்டே எழுந்து போயிட்டாரு.

மூத்தவரு அந்தச் சாவியைப் பாத்தாரு பாருங்க ஒரு பார்வை... பொண்ணு பாக்கப் போனப்பகூட பொண்ணை அப்படிப் பாத்திருக்க மாட்டாரு.

மறுநாளே உள்ள பூந்துட்டாரு. உள்ள காயில் இருக்கும்ணே, வளைஞ்சு வளைஞ்சு குழாயி, அதான் ரூமுல இருக்கற சூட்டை உறிஞ்சி வெளிய அனுப்பறது. அது மேல பனி கட்டி, கட்டி, கட்டி... குழாயே தெரியல, வெள்ளைக் கம்பளி போத்துன மாதிரி கிடக்கு. கம்ப்ரசரு பாவம் ஓயாம ஓடுது, நாக்குத் தள்ளுது. மூத்தவரு என்னைக் கூப்பிட்டு, "சுரண்டுப்பா"ன்னாரு. சுரண்டுனேன். அடேங்கப்பா! ரூமு ஜிவ்வுன்னு ஆயிடுச்சுண்ணே. கம்ப்ரசரு ஓடுச்சு, நின்னுச்சு, மூச்சு விட்டுச்சு. மொதலாளி முட்டி வலியோட எட்டிப் பாத்துட்டு, "பரவால்லையே மாப்ள"ன்னாரு. அன்னிக்கு மாமியார் இவருக்கு மொதல்ல பரிமாறுச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்.

அதோட விட்டிருந்தா போதும். அந்த ரூமை அப்படியே விட்டிருந்தா ஐஸ்கிரீம் கல்லு மாதிரி நின்னிருக்கும். ஆனா மனுசனுக்கு ஒரு தடவை பரவால்லைன்னு யாராச்சும் சொல்லிட்டா முடிஞ்சுதே!

மூத்தவரு என்ன யோசிக்கறாரு? காயில் மேல இருந்த அடுக்கைச் சுரண்டுனோம், குளிருச்சு. அப்ப அடுக்குதான் எதிரி. சுவத்துலயும் அடுக்கு இருக்கு. அதையும் சுரண்டுனா? ...சிரிக்காதீங்கண்ணே, கேக்கும்போது சரியாத்தான் இருக்கு. எனக்கும் சரியாத்தான் பட்டுச்சு. காயில்ல சூடு தாண்டிப் போகணும், சுவத்துல சூடு தாண்டக் கூடாதுன்னு அப்ப எங்க ரெண்டு பேருக்குமே ஒறைக்கல.

பம்புக் கடையில இருந்து கொண்டாந்த பழைய புத்தகம் ஒண்ணை விரிச்சு வெச்சு கணக்குப் போட்டாரு. பேக்கரிப் பக்கம் சுவத்தை ஒட்டி நிக்கற காத்து, அதுக்கு ஒரு நம்பரு. செங்கல்லுக்கு ஒரு நம்பரு. அது மேல ஒட்டுன கண்ணாடிப் பஞ்சுக்கு ஒரு நம்பரு. பூச்சுக்கு ஒரு நம்பரு. இந்தப் பக்கம் ஒட்டி நிக்கற காத்துக்கு ஒரு நம்பரு. ஒவ்வொருத்தனும் எவ்வளவு சூட்டை உள்ள விடுவான்ங்கற நம்பரு அது. எல்லாத்தையும் எழுதிக் கூட்டுனாரு. நேரா, அப்படியே, மளிகைச் சீட்டு கூட்டற மாதிரி. மொத்தம் எக்கச்சக்கமா வருது. "பாத்தியா! அஞ்சு திருடனுங்க! பூச்சுதான் பெரிய திருடன், பாரு நம்பரை! பஞ்சு நம்பரு சின்னதுதான். ஆனா சின்னத் திருடனா இருந்தா மட்டும் வீட்டுல வெச்சுப்பியா?"

பெரிய பொண்ணு, அதான் இவரு சம்சாரம், டீ கொண்டாந்து வெச்சுட்டு எட்டிப் பாத்துச்சு. "என்னங்க, உங்க கணக்குப்படி ரெண்டு போர்வை போத்துனா ஒரு போர்வையை விட அதிகமா குளிருமே?"ன்னு கேட்டுச்சு. சாதாரணமாத்தான் கேட்டுச்சு. இவரு சுள்ளுன்னு, "இது போர்வை இல்லடி, இஞ்சினியரிங்"ன்னாரு. அது டம்ளரை எடுத்துகிட்டுப் போயிடுச்சு. இவரு குடிக்கவே இல்ல அந்த டீயை! அதோட சேத்து எடுத்துட்டுப் போயிடுச்சு.

அப்பறம் என்ன, நான்தான். பூச்சை உடைச்சேன். பஞ்சைப் பிச்சேன். அண்ணே, கண்ணாடிப் பஞ்சு பிச்சிருக்கீங்களா? வேணாம். எதிரிக்குக்கூட வேணாம். பாக்க மேகம் மாதிரி இருக்கும், தொட்டா ஊசி. சட்டைக்குள்ள போயி உக்காந்துக்கும், குளிச்சாலும் போகாது, வீட்டுல பக்கத்துல படுக்க விட மாட்டாங்க. ஆனா மொதலாளிக்கு ஒரே சந்தோஷம்! பஞ்சு போனதும் ரூமு அகலமாயிடுச்சுல்ல? "இன்னும் ஒரு வரிசை பெட்டி அடுக்கலாம் போலருக்கே மாப்ள!" அந்த மகிழ்ச்சியில சாவியை எடுத்து இவரு கையில குடுத்துட்டாரு. "வெச்சுக்கங்க. சரக்கு வர்ற வரைக்கும் ஒத்திகை."

மூத்தவரு அந்தச் சாவியை சட்டைப் பையில போட்டாரு, எடுத்தாரு, விரல்ல மாட்டுனாரு, தட்டுக்குப் பக்கத்துல வெச்சு சாப்பிட்டாரு. சகலையப் பாத்து, "சகல, உள்ள வந்து பாக்கறீங்களா? நான்தான் தெறக்கணும்"ன்னு வேற சொன்னாரு. சின்னவரு கேக்கை மென்னுகிட்டே, "சிம்பிள்"னாரு.

ரெண்டு நாள் இருக்கும். சுவரு வேர்க்குது. ஆமாண்ணே, மனுசன் மாதிரி முத்து முத்தா வேர்க்குது! கம்ப்ரசரு மறுபடியும் ஓயாம ஓடுது. இதுல பேக்கரிக்காரரு வேற வாசல்ல வந்து நின்னாரு. கையில ஒரு பன்னு. அதைத் தூக்கிக் கதவு மேல அடிச்சாரு, டங்குன்னு சத்தம் வருது. "என்னய்யா பண்றீங்க சுவத்துல? எங்க மாவு பொங்கவே மாட்டேங்குது! ரூமே சில்லுன்னு கிடக்கு, ஈஸ்டு செத்துப் போச்சு! எங்க சூட்டைத் திருடறீங்களா?"

மொதலாளி விடுவாரா? "யாரு யாரைத் திருடறது? உங்க சூடு எங்க ரூமுக்குள்ள வந்து உக்காந்திருக்கு! வாங்க, உங்க சூட்டைக் கூட்டிகிட்டுப் போங்க! யாரு கூப்பிட்டா அதை?"

"நாங்க அனுப்பலையே!"

"அப்ப அதுவா வழி கேட்டுகிட்டு வந்துச்சா?"

ரெண்டு பெரிய மனுசனுங்க, கண்ணுக்குத் தெரியாத ஒண்ணுக்காக வாசல்ல நின்னு, உன்னுது என்னுதுன்னு... தெருவே வேடிக்கை பாத்துச்சுண்ணே. மூத்தவரு மட்டும் உள்ள உக்காந்து மறுபடி கணக்குப் போட்டுகிட்டு இருக்காரு. பூச்சும் பஞ்சும் போயும் சூடு வருதே? மிச்சம் யாரு இருக்கா? செங்கல்லு. அதையும் எடுத்துட்டா? கூட்டிப் பாத்தாரு. நம்பரு இன்னும் குறையுது! அப்படியே நிமிர்ந்தாரு, முகம் ஜொலிக்குது. "ஏம்ப்பா... சுவரே இல்லன்னா சூடே வராது போலருக்கே!"

அப்பக்கூட அவருக்குச் சந்தேகம் வரல பாருங்க! எனக்கு வந்துச்சு, ஆனா கடப்பாரை எங்க இருக்குன்னு கேட்டா எடுத்துக் குடுக்கறதுதானே என் வேலை. நல்லவேளை, கடப்பாரை கைக்கு வர்றதுக்குள்ள ஐஸ்கிரீம்காரரு வண்டி வந்துடுச்சு.

எறக்குனோம். அடுக்குனோம். அகலமான ரூமுல அந்த எக்ஸ்ட்ரா வரிசையும் சேத்து. சாயங்காலம் கதவுக்கு அடியில ரோஸ் கலர்ல ஒரு ஆறு வந்துச்சுண்ணே. மொதல்ல ரோஸு. பின்னாலயே மஞ்சளு. அப்பறம் முந்திரி மிதந்து வருது. தெருவுல இருக்கற பூனையெல்லாம் குடும்பத்தோட வந்துடுச்சு. ஐஸ்கிரீம்காரரு ஒரு வார்த்தை திட்டல. செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு, அதுல நின்னு, காலைப் பாத்தாரு. "கல்லு மாதிரின்னு சொன்னேன்"னாரு. அவ்வளவுதான்.

மொதலாளி மூத்தவரு முன்னால கையை நீட்டுனாரு. மூத்தவரு சாவியை வெச்சாரு. அன்னிக்கு ராத்திரி அவருக்குப் பரிமாறவே யாரும் வரலையாம், அவரே எடுத்துப் போட்டு சாப்பிட்டிருக்காரு. மறுநாள் காலையில என்கிட்ட சொன்னாரு. "மறுபடி பம்புக் கடைக்குப் போயி நிக்கவா முடியும்? என் நாற்காலியில இப்ப வேற ஒருத்தன்"னாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு... கிண்டல் பண்ணலாம்னு வந்தவன், அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டுப் போயிட்டேன்.

அப்பறம் சம்சாரம்தான் வந்து பக்கத்துல உக்காந்துச்சாம். திட்டல. "சூடு ஒருத்தன் ஒருத்தனாத்தானே தாண்டி வரணும்? வரிசையா காவக்காரன் நின்னா, ஒவ்வொருத்தனும் எவ்வளவு விடறான்னு கூட்டுவீங்களா, எவ்வளவு தடுக்கறான்னு கூட்டுவீங்களா? ஒவ்வொரு நம்பரையும் தலைகீழாப் போடுங்க, நாலுன்னா காலுன்னு. அப்பறம் கூட்டுங்க. வர்றதை மறுபடியும் தலைகீழாப் போடுங்க. அதான் உள்ள வர்ற சூடு." இவரு போட்டாரு. போட்டதும் பாத்தா, அந்தப் பஞ்சு இருக்கே, சின்னத் திருடன்னு வெளிய தள்ளுனாரே, அவன் ஒருத்தன்தான் நிஜமான காவக்காரன்! மத்த நாலு பேரும் சும்மா நின்னு பீடி குடிக்கற ஆளுங்க! இருக்கறதுலயே சின்ன நம்பருதான் மொத்த சுவத்தையும் தாங்கிகிட்டு இருந்திருக்கு. பூச்சு? இருந்தா என்ன, போனா என்ன!

இவரு தலையில கை வெச்சு உக்காந்திருந்த அதே நேரம், சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு கணக்குப் போட்டுகிட்டு இருந்தாங்கறீங்க? சின்னவரு! பேக்கரிக்காரரு அவரைப் புடிச்சு, "ஓசி கேக்கு தின்னீங்கல்ல, எனக்கு ரூமுல சூடு வேணும், வழி சொல்லுங்க"ன்னு உக்கார வெச்சுட்டாரு. சின்னவருக்குத் தலைகீழாப் போடணும்னு எங்கயோ கேட்ட ஞாபகம். எல்லாத்தையும் தலைகீழாப் போட்டாரு. கூட்டுனாரு. கடைசியில மறுபடி தலைகீழாப் போடணுமே? அதை மறந்துட்டாரு! வந்த நம்பரை அப்படியே "சூடு"ன்னு எழுதிட்டாரு. இப்ப அந்தக் கணக்குல பஞ்சைச் சேத்தா நம்பரு எகிறுது. "சிம்பிள்! பஞ்சுதான் சூட்டை அள்ளிக் கொட்டுது. உங்களுக்குச் சூடுதானே வேணும்? ஒட்டுங்க!"

யாரு ஒட்டுனா? நான்தான்! எந்தப் பஞ்சு? நான் இந்தப் பக்கம் பிச்சுப் போட்டேனே, அதே பஞ்சு! சாக்குல கட்டி வெளிய வெச்சிருந்தேன், அப்படியே சுத்திகிட்டுப் போயி அந்தப் பக்கம் ஒட்டுனேன். என் வாழ்க்கையைப் பாருங்கண்ணே. ஒரே சுவரு, ஒரே பஞ்சு, ரெண்டு மாப்ள, ஒரு முதுகு.

ஒட்டுனதும் என்ன ஆச்சு? பேக்கரி ரூமு கதகதன்னு ஆயிடுச்சு, மாவு புசுபுசுன்னு பொங்குது. இந்தப் பக்கம் ஐஸ் ரூமும் கல்லு மாதிரி குளிருது! ஆகாதா பின்ன? காவக்காரன் எந்தப் பக்கம் நின்னா என்ன? மொதலாளி ஓடி வந்து, சரி, முட்டியோட எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு, சின்னவரு தோளைத் தட்டி, "ஒரே வேலையில ரெண்டு ரூமு! இதாண்டா மூளை!"ன்னாரு. மாப்ளைய "டா" போட்டாருண்ணே, அவ்வளவு பாசம்.

மூத்தவருக்கு ஆறல. தாளை எடுத்துகிட்டு எல்லாரு முன்னாலயும் நின்னாரு. "மாமா, ஒரு நிமிஷம். நான் போட்டது தப்பு. ஒத்துக்கறேன். ஆனா சகல போட்டதும் தப்பு! கடைசியில தலைகீழாப் போடல. அவரு பஞ்சு சூடு குடுக்கும்னு ஒட்டுனாரு, அது சூட்டைத் தடுத்துச்சு. குருட்டு அதிர்ஷ்டம் மாமா!" ஒவ்வொரு வரியா விளக்குனாரு. அம்புட்டும் சரி. ஒரு புள்ளி தப்பு இல்ல. பெரிய பொண்ணு கதவோரம் நின்னு தலையாட்டிகிட்டே இருந்துச்சு.

மொதலாளி கேட்டாரு. முழுசாக் கேட்டாரு. "அப்ப நீங்க இப்பப் போட்டது சரியான கணக்கு?"

"சரி மாமா."

"அவரு போட்டது தப்பான கணக்கு?"

"தப்பு மாமா!"

"அவரு தப்பாப் போட்டும் ரூமு குளிருது. நீங்க சரியாப் போட்டு எனக்கு என்ன குளிரப்போகுது?" சாவியைச் சின்னவரு கையில குடுத்துட்டாரு.

மூத்தவரு தாளை மடிச்சாரு. இன்னும் மடிச்சாரு. தபால்தலை அளவுக்கு மடிச்சாருண்ணே.

இருங்க, எழுந்திருக்காதீங்க, உங்க விஷயத்துக்கு இப்பத்தான் வர்றேன்! இன்னிக்குக் காலையில சின்னவரு சாவியைச் சுத்திகிட்டே ரூமுக்குள்ள வந்தாரு. சுத்திமுத்திப் பாத்துட்டு, "மாமா, இன்னும் குளிர வெக்கலாம். அந்தப் பக்கம் பஞ்சு ஒட்டி பேக்கரிக்குச் சூடு குடுத்தேன்ல? இதோ இந்தப் பக்கச் சுவத்துல அதே மாதிரி பஞ்சு இருக்கே, இது நம்ம ரூமுக்குச் சூடு குடுத்துகிட்டுல்ல இருக்கு! பிச்சு எறிஞ்சிரலாம். சிம்பிள்!"

எந்தச் சுவரா? அண்ணே... நீங்க சாஞ்சுகிட்டு இருக்கீங்களே, இதுக்கு அந்தப் பக்கம்.

மூத்தவரு அங்கதான் நின்னாரு. வாயைத் திறந்தாரு. அவருக்குத் தெரியும், பிச்சா என்ன ஆகும்னு. இஸ்திரிச் சூடு மொத்தமும் உள்ள போகும், நீங்க இங்க விரல் விறைச்சுப் போயி நிப்பீங்க, கதவுக்கு அடியில மறுபடி முந்திரி மிதக்கும். சகலையப் பாத்தாரு. அந்தச் சாவியைப் பாத்தாரு. வாயை மூடிகிட்டாரு. அப்பறம் மெதுவா, என்ன மரியாதை, என்ன மரியாதை... அவரே போயி ஏணியைத் தூக்கிட்டு வந்து சுவத்துல சாத்தி, அசையாம ரெண்டு கையால புடிச்சுகிட்டாரு. "ஏறுப்பா"ன்னாரு. என்ன சிரிப்புங்கறீங்க முகத்துல!

பாதி பிச்சாச்சுண்ணே. மிச்சம் மத்தியானம். அதான் இப்ப வெளிய வந்து நிக்கறேன்.

ஏய் ஏய், எங்க கிளம்பிட்டீங்க? கடை வேணாமா? சரி, அது உங்க இஷ்டம். ஆனா இவ்வளவு நேரம் தொண்டை வறளச் சொல்லியிருக்கேன், அட்வான்ஸு போகாம காப்பாத்தியிருக்கேன், கூலி குடுக்காம போனா எப்படி? காசெல்லாம் வேணாம். பையைத் தொடாதீங்க. இப்படி வாங்க, இன்னும் கிட்ட... சட்டையைத் தூக்கிக் காட்டறேன். நடு முதுகுல, எனக்குக் கையெட்டாத இடத்துல, பஞ்சு குத்துது, கொஞ்சம் சொறிஞ்சு விட்டுட்டுப் போங்க. இன்னும் மேல. இன்னும்... ஆங்! அங்கதான்! நிறுத்தாதீங்க, கதை பெரிசுல்ல?